கடைசி ஆளுக்குப் பின்னால்

அத்தியாயம் 11

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு உமர் பாய் கறிக்கடையில் இல்லையென்றால், ஒன்று அவர் ஆஸ்பத்திரியில் படுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஹஜ்ஜுக்குப் போயிருக்க வேண்டும். மாடம்பாக்கத்தில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள்.

அன்றைக்கு அவர் இரண்டு இடத்திலும் இல்லை. கேம்ப் ரோடு முனையில், தலையில் மகனுடைய ஹெல்மெட், தொடைக்கு நடுவில் மகனுடைய சைக்கிள் என்று நின்றுகொண்டிருந்தார்.

பக்கத்தில் நின்ற சாஜிதாவுக்கு அதை நம்பவே முடியவில்லை. இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் இந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமை கடையை விட்டு இறங்கி அவள் பார்த்ததில்லை. மகள் மெஹ்ரீன் பிறந்ததே ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். கூட்டம் அடங்கி, கட்டையைக் கழுவி வைத்துவிட்டுத்தான் பிள்ளையைப் பார்க்க வந்தார்.

எல்லாம் வெள்ளிக்கிழமைச் சோற்றுத்தட்டின் முன்னால் முளைத்த வினை.

"ஞாயித்துக்கிழமையானா பொண்டாட்டி சைக்கிள்ல, புருஷன் கடையில. ஊரே சிரிக்குது" என்று அவர் ஆரம்பித்தார்.

"ஊருக்குப் பல்லு இருக்கு, சிரிக்குது" என்றாள் இவள்.

அங்கே தொடங்கிய வார்த்தை பந்தயத்தில் போய் நின்றது. சைக்கிள் சங்கத்தோடு அவரும் ஒரு ஞாயிறு வருவார். முக்கல் மேட்டின் உச்சியை யார் முன்னால் தொடுகிறார்களோ அவர்கள் சொன்னதுதான் சட்டம். உமர் முந்தினால் சாஜிதா சைக்கிளை விட்டுவிட்டு மறுபடி கடைக்கு வந்து நிற்க வேண்டும். சாஜிதா முந்தினால் அவர் இந்தப் பேச்சை இனி எடுக்கவே கூடாது. மகன் முதாசிரும் மகள் மெஹ்ரீனும் சாட்சி.

சாஜிதா சிரித்துக்கொண்டேதான் வாக்குக் கொடுத்தாள். தொண்ணூறு கிலோ மனுஷன். மாடிப்படி ஏறினாலே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குகிறவர்.

கடைக்கு வந்து நிற்பது என்றால் என்னவென்று அவளுக்குத்தான் தெரியும். கறுப்புக் கவரை ஊதிப் பிரிக்க வேண்டும், கறியைப் போட்டு முடிச்சுப் போட வேண்டும், நீட்ட வேண்டும். விடியலிலிருந்து பதினோரு மணி வரைக்கும், ஈரத் தரையில், நின்ற காலில். பதினெட்டு வருஷம். வெட்டுகிறவனுக்கு வேலைக்காரன் என்று பேர் உண்டு. நிற்கிறவளுக்கு அதுகூடக் கிடையாது. 'பாய் சம்சாரம் சும்மா நிக்குது' என்பார்கள்.

கணுக்கால் நரம்பு கயிறு மாதிரி புடைத்து, சர்க்கரையும் ஏறின பிறகு, டாக்டரம்மா ஒருத்தி சொல்லித்தான் எட்டு மாதத்துக்கு முன் பழைய சைக்கிள் ஒன்றை வாங்கினாள். சங்கத்தில் சேர்ந்தாள். முதல் ஞாயிறு வண்டலூர் தாண்டி, காட்டு ஓரத்து ரோட்டில் வெயில் வருவதைப் பார்த்தபோது அவளுக்கு வந்தது கோபம். இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளாக இது இங்கேயேதான் இருந்திருக்கிறது!

சங்கத் தலைவன் ஆரோன் கணக்கு வாத்தியார். ஆரஞ்சு நிற மேல்சட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்தான்.

"சாஜிதாக்கா, இன்னிக்கு நீங்கதான் கடைசிக் காவல்."

சாஜிதாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

சங்கத்தில் அது ஒரு முறை. கூட்டத்தில் யார் கடைசியாக மிதிக்கிறாரோ, அவருக்குப் பின்னால்தான் காவல் ஆள் வர வேண்டும். எக்காரணம் கொண்டும் முந்தக் கூடாது. அவர் நின்றால் நிற்க வேண்டும். அவர் இறங்கித் தள்ளினால் இவரும் இறங்கித் தள்ள வேண்டும். போன வருஷம் ஸ்நேகா என்ற பெண் பின்தங்கிப் போய், கல்குவாரி டிப்பர் அடித்த காற்றில் சரிந்து, முட்டி பெயர்ந்து முக்கால் மணி நேரம் முள்ளுக்குள் கிடந்தாள். மேலே டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவருக்கும் தெரியவில்லை. அன்றைக்குப் போட்ட சட்டம் இது.

காவல் ஆள் என்றால் உச்சிக்குக் கடைசியில்தான் போய்ச் சேர முடியும். பந்தயம் இங்கேயே முடிந்தது.

"ஆரோன், இன்னிக்கு வேற யாருக்காவது குடேன்."

"தீபா ஊருக்குப் போயிருக்கா அக்கா. ஜீவரத்தினம் சாருக்கு முட்டிவலி. நீங்க ஒரு நாளும் முடியாதுன்னு சொன்னதில்லையே?"

இருபத்திரண்டு பேரும் கிளம்பத் தயாராக நிற்கிறார்கள். புருஷன் பெண்டாட்டி பந்தயத்தை நடுரோட்டில் அவிழ்த்து வைக்க அவளுக்கு வாய் வரவில்லை. உமரைப் பார்த்தாள். அவர் குனிந்து, நாடாவே இல்லாத செருப்பைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது என்று அவள் மனசு கணக்குப் போட்டது. இந்த மனுஷன் மேடு ஏறமாட்டார். பாதியில் ஏதாவது வண்டியைக் கைகாட்டி ஏறிவிடுவார். வண்டியில் ஏறினவர் பந்தயத்தில் இல்லை.

சட்டையை வாங்கி மாட்டிக்கொண்டாள்.

* * *

வண்டலூர் பாலம் வரைக்கும் உமர் நன்றாகவே வந்தார். கேளம்பாக்கம் ரோட்டில் திரும்பியதும் அவருடைய போன் அடிக்கத் தொடங்கியது. நிறுத்தாமல், ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டே பேசினார்.

"ஆங், சொல்லு சார்... தொடை கீது சார், பையன் இருப்பான், கேளு... நானா? நான் ஒரு வேலையா வெளிய வந்துகீறேன்."

வைத்தார். மறுபடி அடித்தது.

"ஈரல் கீதாவா? எனக்கு எப்டிம்மா தெரியும், நான் கண்டிகையில கீறேன்!"

முன்னால் போன ஜீவரத்தினம் சார் சிரித்துக்கொண்டே திரும்பினார். "பாய், எனக்கும் அரைக் கிலோ எடுத்து வைக்கச் சொல்லுங்க. நெஞ்செலும்பா இருக்கட்டும்."

கண்டிகை தாண்டி, குவாரிப் பக்கம் பிரிகிற ரோட்டில் நுழைந்ததும் ஒவ்வொருவராக முன்னேறிப் போனார்கள். முக்கல் மேட்டின் அடிவாரத்தில் பார்த்தால், ஜீவரத்தினம் சார்கூட அடுத்த வளைவில் இருந்தார். கடைசி ஆள் உமர். அவருக்குப் பின்னால் சாஜிதா.

மேடு என்னவோ ஒன்றரைக் கிலோமீட்டர்தான். ஆனால் இரண்டு பக்கமும் பாறையும் முள்ளும். மூன்று வளைவு. மூன்றாவது வளைவில் ஏறுகிறவர்கள் எல்லாரும் முக்குவார்கள். அதனால் சங்கத்தார் வைத்த பெயர்.

உமர் வேண்டுமென்றே ஆமை வேகத்தில் போனார். சாஜிதாவும் ஆமைக்குப் பின்னால் ஆமையாக வந்தாள்.

"இன்னா சாஜி, முந்தலையா?"

அவள் அவருடைய பின்சக்கரத்தையே பார்த்து மிதித்தாள்.

"முந்த முடியாதில்ல? சட்டம்!" அவர் மூச்சு வாங்கிக்கொண்டே சிரித்தார். "ஆரோன் தம்பிக்கு நேத்து நான்தான் போன் போட்டேன். 'எங்க வூட்டம்மாவுக்குக் கடைசிக் காவல்னா உசுரு, குடுப்பா'ன்னு சொன்னேன். பாவம், நல்ல பையன், நம்பிட்டான்."

சாஜிதாவின் கால் மிதிப்பதை நிறுத்திவிட்டது. ஒரு காலைத் தரையில் ஊன்றினாள்.

முந்திவிடலாம். பத்து மிதியில் அவரைத் தாண்டி, எட்டு நிமிஷத்தில் உச்சிக்குப் போய்விடலாம். கேட்க ஆளில்லை. மோசம் செய்தவருக்கு என்ன காவல் வேண்டியிருக்கிறது?

பின்னால் ஹாரன். ஜல்லி ஏற்றின டிப்பர் ஒன்று உறுமிக்கொண்டு ஏறி வந்தது. அதன் காற்றில் உமருடைய சைக்கிள் பாம்பு மாதிரி நெளிந்தது. அவர் ஓரத்து மண்ணில் இறங்கி, தடுமாறி, எப்படியோ ரோட்டுக்கு வந்தார். முகம் வெளுத்துப்போயிருந்தது.

சாஜிதா பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்துப் போய் அவர் பின்சக்கரத்தைப் பிடித்தாள். வேலை என்று ஒத்துக்கொண்டால் வேலைதான். ஆள் பிடிக்கவில்லை என்று பாதியில் போட்டுவிட்டுப் போகிற வழக்கம் அவள் கைக்குக் கிடையாது.

"கியரை இறக்குங்க."

"எது கியரு?"

"வலது கைக்கட்டைவிரல் பக்கம். அமுக்குங்க. இன்னொரு தடவை. மேட்டைப் பார்க்காதீங்க. சக்கரத்துக்கு முன்னாடி ரெண்டு முழம் மட்டும் பாருங்க."

அவர் அமுக்கினார். சங்கிலி இடம் மாறியது. கால் லேசாயிற்று. ஆச்சரியத்தில் திரும்பிப் பார்த்தார். யாரை ஏற்றிவிட்டால் தன் சைக்கிள் போகுமோ, அவரை ஏற்றிவிடுகிற வேலையைத்தான் அவள் செய்துகொண்டிருந்தாள்.

இரண்டாவது வளைவில் தொடை பிடித்துக்கொண்டது. "யா அல்லா!" என்று இறங்கிவிட்டார். சைக்கிளைத் தள்ளினார். சாஜிதாவும் இறங்கித் தள்ளினாள்.

"ஏன்டீ நீயும் தள்றே?"

"சட்டம்."

கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனார்கள். பிறகு அவர் சொன்னார். குரலில் கேலி இல்லை.

"ஊரு சிரிக்குதுன்னா நான் கடையைப் போட்டுட்டு வந்தேன்? ஊரு நம்ம மயி... ஊரு கெடக்கட்டும். நீ எறங்கின எடத்துல இப்ப யாரு நிக்கிறான்னு தெரியுமா உனக்கு?"

"முதாசிர் தனியாப் பார்த்துக்கிறான்னு சொன்னீங்க."

"வெட்றது அவன். கவரைப் புடிக்கிறது மெஹ்ரீன்."

சாஜிதா நின்றுவிட்டாள்.

"ரெண்டு மாசமா. நீ கெளம்பின அடுத்த நிமிசம் அவளும் எந்திரிச்சு வந்துடுவா. நீ வர்றதுக்குள்ள வூட்டுக்குப் போய்க் குளிச்சுட்டு உக்காந்துடுவா. அம்மாகிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வாங்கினா. காலேஜ் படிக்கிற பொண்ணு, சாஜி. ஈ மொய்ச்ச மாதிரி ஆம்பளைங்க கூட்டம். நீ மலைமேல காத்து வாங்குறே, உன் பொண்ணு கறி கட்றா. இதை நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

காலையில் போர்வைக்குள் சுருண்டு கிடந்த மகளின் முதுகு சாஜிதாவின் கண் முன்னால் வந்தது. தூங்குகிற முதுகு என்று நினைத்து மின்விசிறியைக் குறைத்து வைத்துவிட்டு வந்தாளே! நெஞ்சில் யாரோ கட்டையை வைத்துக் கொத்துகிற மாதிரி இருந்தது.

ஆனாலும் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு இன்னொன்று உறைத்தது.

"என் கால் போனப்ப என் பொண்ணைக் கொண்டாந்து நிறுத்தினீங்க. அவ கால் போனா? அவ பொண்ணா? ஒரு ஆள் போடணும்னு உங்களுக்குத் தோணவே இல்ல இல்ல?"

"வெளியாளுக்கு நம்ம கட..."

"நான் உள்ளாளு. அதனாலதான் நான் நின்னதுக்கு யாரும் பேரு வைக்கல."

அவர் பதில் சொல்லுமுன் ஒரு குட்டி யானை லோடு வண்டி கீழிருந்து ஏறி வந்து பக்கத்தில் நின்றது. காலி வண்டி. ஓட்டுகிறவன் விக்கி, மாடம்பாக்கம்தான். வாராவாரம் கடைக்கு வருகிறவன்.

"பாய்! இன்னா பாய் இது கோலம்? வண்டி பஞ்சரா?"

"கால் புடிச்சுக்கிச்சுடா."

"தூக்கிப் போடு பாய் சைக்கிளை! மேல வுட்டுடறேன்."

உமருடைய முகத்தில் ஒரு வெளிச்சம் வந்து போனது. பந்தயம் நினைவுக்கு வந்தது. தொடையும் நினைவுக்கு வந்தது. தொடைதான் ஜெயித்தது. சைக்கிளைத் தூக்கப் போனார்.

சாஜிதா வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். அவள் எதிர்பார்த்திருந்தது இதைத்தான். ஜெயித்த மாதிரிதான்.

அவள் கை நீண்டு, அவருடைய சைக்கிளின் சீட்டைப் பிடித்துக்கொண்டது.

"விக்கி, நீ போப்பா."

"அக்கா?"

"போன்னு சொல்றேன்ல."

விக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "குடும்ப மேட்டர். நான் எஸ்கேப்" என்று வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

"பைத்தியமாடி உனக்கு? நான் அதுல ஏறியிருந்தா நீ ஜெயிச்சிருப்பே!"

"வண்டியில ஏறினவரை நான் என்னத்த ஜெயிக்கிறது? எட்டு மாசமா நான் ஏறுற மேடு இது. காத்து வாங்குறேன்னீங்களே? ஒரு தடவை முழுசா ஏறிப் பாருங்க. அப்புறம் பேசுங்க. ஏறுங்க சீட்டுல."

"கால்..."

"ஈரத்துல நின்ன காலு எனக்கும் இப்படித்தான் பிடிச்சுக்கும். நான் உட்கார்ந்தேனா? ஏறுங்க!"

கறி வாங்க வந்த யாரும் அந்தக் குரலை அவளிடம் கேட்டதில்லை. உமரும் கேட்டதில்லை. ஏறினார்.

மூன்றாவது வளைவில் அவர் முக்கினார். திட்டினார். மகனைத் திட்டினார், சைக்கிள் செய்தவனைத் திட்டினார், ரோடு போட்டவனைத் திட்டினார். வேர்வை தாடியிலிருந்து சொட்டியது. பின்னாலிருந்து அவள் குரல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. "ரெண்டு முழம்... அவ்வளவுதான்... இன்னும் ரெண்டு முழம்..."

* * *

உச்சியில் ஒரு புளியமரம், அதற்குக் கீழே டீ வண்டி, இருபது சைக்கிள். உமருடைய முன்சக்கரம் மேட்டு விளிம்பைத் தாண்டியதும் எல்லாரும் கை தட்டினார்கள். முதலில் வந்தவனுக்குத் தட்டுவதில்லை. கடைசி ஆளுக்குத்தான் தட்டுவது என்று அந்தச் சங்கத்தில் வழக்கம்.

அவர் யாருக்குத் தட்டுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். அப்புறம் புரிந்து, சைக்கிளோடு அப்படியே மரத்தில் சாய்ந்துவிட்டார். ஆரோன் ஓடிவந்து பிடித்துக்கொண்டான்.

"சூப்பர் பாய்! முதல் தடவையிலேயே ஏறிட்டீங்க. அக்கா உங்களைக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க பாத்தீங்களா? அதுக்குத்தான் நீங்க நேத்து போன்ல கேட்டீங்களோ?"

உமர் டீயை வாங்கி, இரண்டு மடக்குக் குடித்து, மூச்சைச் சேர்த்துக்கொண்டார். சாஜிதா சைக்கிளை நிறுத்திவிட்டு வரும்வரை காத்திருந்தார்.

"முன்னாடி வந்தது நான்" என்றார். குரலில் அவ்வளவு பலம் இல்லை. இருந்தாலும் சொன்னார். "வாக்கு வாக்குதான், சாஜி."

எல்லாரும் திரும்பினார்கள். கீழே கேம்ப் ரோட்டில் வராத வாய் இப்போது அவளுக்கு வந்தது.

"ஆமா, வாக்குக் குடுத்தேன். என் வீட்டுக்காரர் முன்னாடி வந்தா சைக்கிளை விட்டுடறேன்னு. எல்லாரும் கேட்டுக்கோங்க. அவர் முன்னாடி வந்துட்டார்." மூச்சு வாங்கிக்கொண்டு உமரைப் பார்த்தாள். "ஆனா நீங்க கறிக்கடைக்காரர். நூறு கிராம் குறைஞ்சா, 'தராசு தப்பும்மா, இந்த வியாபாரம் செல்லாது'ன்னு வந்தவங்களைக் கூப்பிட்டுத் திருப்பிக் குடுக்கிற மனுஷன். அதுல நான் எத்தனை தடவை பெருமைப்பட்டிருக்கேன். நேத்து போன் போட்டப்ப உங்க தராசு எங்க போச்சு?"

உமர் டீயைக் கீழே வைத்தார். அந்த இடத்தில் அவரைத் தொட யாருக்கும் தைரியம் வந்ததில்லை. ஜீவரத்தினம் சார் மெதுவாக வேறு பக்கம் திரும்பி, இல்லாத எதையோ பார்க்கத் தொடங்கினார்.

"செல்லாது" என்றாள் சாஜிதா. "அடுத்த ஞாயித்துக்கிழமையும் நான் வருவேன். அதுக்கடுத்ததும் வருவேன். நீங்க பேசலாம், கத்தலாம், ஊரைக் கூட்டலாம். நான் இனிமே அந்தத் தரையில நிக்கமாட்டேன். என் பொண்ணும் நிக்கமாட்டா."

"மெஹ்ரீனை நான் இழுத்துக்கிட்டு வரல, அவளா..."

"யார் இழுத்தாலும் சரி. இப்பவே இறக்குறேன்."

போனை எடுத்தாள். மணி எட்டேகால். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் முட்டி மோதுகிற நேரம். நாலைந்து தடவை அடித்த பிறகுதான் மெஹ்ரீன் போனை எடுத்தாள். பின்னால் கூட்டச் சத்தமே இல்லை. தண்ணீர் ஊற்றித் தரை கழுவுகிற சத்தம்தான் கேட்டது.

"மெஹ்ரீன், எங்க இருக்கே?"

"அத்தா சொல்லிட்டாரா?"

"சொல்லிட்டார். கவரைக் கீழே வை. வீட்டுக்குப் போ. உன்னை அங்க நிக்க வச்சது என் தப்பு. இனிமே நீ அங்க..."

"அம்மா, கறி முடிஞ்சிடுச்சு."

"என்னது?"

"எட்டு மணிக்கே முடிஞ்சிடுச்சு. நேத்தே எல்லார்கிட்டயும் வாட்ஸ்அப்ல ஆர்டர் வாங்கி, பேர் எழுதிக் கட்டி வச்சுட்டேன். வந்தாங்க, எடுத்துக்கிட்டுப் போனாங்க. யாரும் நிக்கவே இல்ல. நானும் நிக்கல, ஸ்டூல் போட்டு உட்கார்ந்துதான் இருக்கேன்." குரல் தணிந்தது. "அம்மா, யாரும் என்னை நிக்க வைக்கல. நானாத்தான் வந்தேன். எனக்கு இது பிடிச்சிருக்கு."

"அது சரிடி, படிப்பு..."

"அதான் வெள்ளிக்கிழமை சொல்லலாம்னு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். நீங்க ரெண்டு பேரும் பந்தயம் கட்ட ஆரம்பிச்சுட்டீங்க." மெஹ்ரீன் மூச்சை இழுத்து விட்டாள். "நான் காலேஜுக்குப் போய் மூணு வாரம் ஆச்சும்மா. இனிமே போகப் போறதில்ல. எனக்குக் கடை வேணும். அத்தா கத்தட்டும், நீ அழு. யார் சொன்னாலும் நான் இறங்கமாட்டேன்."

அந்தக் குரல் சாஜிதாவுக்கு நன்றாகத் தெரிந்த குரல். இரண்டு நிமிஷத்துக்கு முன் இதே புளியமரத்தடியில் அவள் வாயிலிருந்தே வந்த குரல்.

போன் கட்டாகிவிட்டது.

உமர் மரத்தை விட்டு விலகி, காலை உதறிக்கொண்டு, அவள் முகத்தைத் துருவினார். "இன்னா சொல்றா? எறங்கிட்டாளா?"

இருபத்து மூன்று வருஷத்தில் சாஜிதா இந்த மனுஷனிடம் பொய் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

"கறி வித்துப்போச்சாம்" என்றாள். ஆரஞ்சுச் சட்டையைக் கழற்றி ஆரோன் கையில் திணித்தாள். "இறக்கத்துக்கு வேற யாரையாவது காவல் போடு ஆரோன். நான் முன்னாடி போறேன். வீட்டுக்குப் போய் எனக்கு ஒரு சண்டை இருக்கு."

"யாரோடக்கா?" என்றான் ஆரோன்.

அவள் அதற்குள் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.